காது குத்திய அன்று நான் அங்கே இல்லை

மாமா பஞ்சாங்கத்தை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலையிலேயே நல்ல நேரம் வருகிறது, மாத்தளை அம்மன் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அத்தை இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் மகன், என் கணவர் முகுந்தன், வாடகை வான்காரரின் எண்ணைக் கைப்பேசியில் தேட ஆரம்பித்தார்.

மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த என் கை நடுவழியில் நின்றுவிட்டது. பத்து மாதப் பிள்ளை ஆதிரை, வாயைத் திறந்தபடி கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை போட்டுக் காது குத்தப்போவது அவளுக்குத்தான்.

எனக்கு அதே வெள்ளிக்கிழமை மட்டக்களப்பில், பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்க அனுமதிப் பரீட்சை.

நான் அதை மறைத்து வைத்திருக்கவில்லை. கடிதம் வந்த அன்றே சொன்னேன். மறுநாள் சாப்பிடும்போது மறுபடி சொன்னேன். ஃபிரிட்ஜ் கதவில் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்தேன். அந்தக் கதவைத் திறந்துதான் எல்லோரும் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார்கள்.

"மாமா, அன்னிக்குத்தான் எனக்கு எக்ஸாம் இருக்கு," என்றேன்.

அவருக்கு உண்மையாகவே மறந்துதான் போயிருந்தது. அதை நான் நம்புகிறேன். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். வேண்டுமென்று செய்திருந்தால் என்னை ஓர் எதிரியாகவாவது கணக்கில் எடுத்திருப்பார்கள்.

"அதான் பேராதனை கம்பஸ் இருக்கேம்மா," என்றார் கொஞ்சம் யோசித்துவிட்டு. "பக்கத்துல இருக்கிறத விட்டுட்டு எதுக்கு அவ்வளவு தூரம்?"

விஷயம் அத்துடன் தீர்ந்துவிட்டது என்பதுபோல அத்தை விளக்கேற்ற எழுந்து போனார். கண்டியில் எங்கள் வீட்டுக்குக் கீழே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் வழக்கம்போல நகராமல் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. நான் கரண்டியை மகளின் வாயில் வைத்தேன்.

மூன்றாவது தடவை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாக வாசிப்பவர்களுக்காகச் சற்றுப் பின்னால் போகிறேன்.

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையை முதல் தடவை நான் எழுதியது விஞ்ஞானப் பிரிவில். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையை எங்கள் பாடசாலையில் வேறு பக்கம் திரும்ப விடமாட்டார்கள். சித்திரத்திலும் நான் உயர்ந்த சித்திதான் எடுத்திருந்தேன். வகுப்பாசிரியை அதை, அறையைச் சுத்தமாக வைத்திருக்கும் பிள்ளையைப் பாராட்டுவதுபோலப் பாராட்டிவிட்டு, என்னைப் பௌதிகவியல் வகுப்புக்குள் அனுப்பினார். அங்கே நான் எப்படித் தோற்றேன் என்பதை முன்பே எழுதிவிட்டேன்.

இரண்டாம் தடவை கலைப்பிரிவுக்கு மாறிச் சித்திரம் எடுத்தேன். அந்த வருடம் கல்யாணப் பேச்சு வந்தது. பரீட்சைக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் நடுவே இருந்த நாட்களில் நான் எதைப் படித்தேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

மூன்றாம் தடவை எழுதியபோது ஆதிரை வயிற்றில் இருந்தாள். மேசை இடித்ததால் கதிரையைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் கையை நீட்டி எழுதினேன். அந்த முறைதான் நல்ல பெறுபேறு வந்தது.

இந்த நாட்டில் உயர்தரம் மூன்று தடவைதான். வந்த பெறுபேற்றை வைத்து அந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்று அன்றிரவு முகுந்தன் சொன்னபோது, எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பதை அவருக்கு மறுபடியும் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "ஓ, ஆமால்ல," என்றார்.

ஓவியம் படிக்க வெறும் புள்ளிகள் போதாது. ஒவ்வோர் இடமும் அழைத்து, உட்காரவைத்து, வரையச் சொல்லிப் பார்க்கும். அந்தப் பரீட்சைக்குப் போகாதவர் அந்த இடத்தைக் கேட்கவே முடியாது.

எனக்கு முன்னால் இருந்த வாசல்களும் அதிகம் இல்லை. கொழும்பில் என்றால் சிங்களத்தில் படிக்க வேண்டும். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கந்தோர் அலுவல்களுக்கும் போதும், நாலு வருடம் ஓவியத்தைப் பற்றி வாதாடப் போதாது. யாழ்ப்பாணம், பால் குடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நினைக்கவே முடியாத தூரமாக எனக்குத் தெரிந்தது. மிஞ்சியவை மட்டக்களப்பும், வரையச் சொல்லாமல் புள்ளிகளை மட்டும் பார்க்கும் பேராதனையும்.

மட்டக்களப்பில் படிப்பவர்களின் கண்காட்சி ஒன்றின் காணொளியை யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். ஒரு மாணவி பழைய மீன்வலையைச் சுவர் முழுக்க விரித்து, அதில் தன் ஊர்ப் பெண்களின் முகங்களை நூலால் தைத்திருந்தாள். கிட்டப் போனால் முடிச்சுகள், எட்டி நின்றால் முகங்கள். ஆதிரைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. எனக்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும் என்று தோன்றியது. அது பேராசையா என்றும் உடனே தோன்றியது. எனக்கு எது தோன்றினாலும் பின்னாலேயே இரண்டாவதாக ஒன்று தோன்றிவிடும்.

பக்கத்தில் இருப்பது

பேராதனையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் பிறந்தது அங்கேதான். பிறந்ததும் மஞ்சள் காமாலை கண்டு, கண்களைக் கட்டி, நீல விளக்கின் கீழே கிடந்ததும் அங்கே உள்ள ஆஸ்பத்திரியில்தான். அத்தை மாத்தளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டது அப்போதுதான். அந்த நேர்த்தியை நான் ஒருநாளும் இளக்காரமாக நினைத்ததில்லை. அந்த நாட்களில் அத்தையோடு சேர்ந்து நானும்தான் கும்பிட்டேன்.

அங்கே கம்பஸில் நுண்கலை படிக்கும் ஒரு மாணவியைத் தேடிப்போய்ப் பேசினேன். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. மரத்தடி வாங்கில் உட்கார்ந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டே, எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"இங்க படத்தைப் பாக்கக் கத்துக்கலாம் அக்கா. நல்லாக் கத்துக் குடுப்பாங்க. எனக்கு அதுதான் வேணும், அதான் வந்தேன். உங்களுக்குக் கை துறுதுறுன்னு இருந்தா வேற எடம் பாருங்க."

வீட்டில் இதைச் சொன்னேன். பார்க்கக் கற்றுக்கொண்டால் வரைய வராதா என்று கேட்டார் மாமா. அத்தை பஸ்ஸைப் பற்றி யோசித்தார். காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் மத்தியானம் ஓடிவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம், பின்னேரம் சமையலுக்கும் ஆள் இருக்கும். இதுதான் அவர் வைத்திருந்த அளவுகோல்.

யார் கற்பிக்கிறார்கள், என்ன கற்பிக்கிறார்கள், வரைவதற்கு இடம் உண்டா, அச்சுக்கலை உண்டா, படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு மொன்டிசூரி தேடுவதுபோல எனக்குப் பல்கலைக்கழகம் தேடினார்கள். கிட்ட இருக்கிறதா, ரோட்டைக் கடக்க வேண்டுமா, நேரத்துக்கு வீடு வந்துவிடலாமா.

சொந்தக்காரர்களும் அப்படித்தான். நான் விண்ணப்பித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் தொலைபேசி எடுத்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அப்ப புள்ளைய எங்க விடப்போற?" ஏதோ நான் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டுப் போகப்போவதுபோல.

அந்தக் கேள்வி எனக்குத் தெரியாததா? அவர்கள் கேட்பதற்கு எத்தனையோ நாள் முன்பே அது என்னோடு குடிவந்துவிட்டது. குளிக்கும்போது கேட்டது, பென்சில் சீவும்போது கேட்டது. என் நெஞ்சுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, தாங்கள்தான் கண்டுபிடித்ததுபோல ஒவ்வொருவராக வந்து சொன்னதுதான் ஆத்திரம்.

அவர் போனபோது

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆதிரைக்கு இரண்டு மாதமானபோது முகுந்தனை அவருடைய கந்தோரில் மூன்று மாதப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். போகாமல் விட்டால் பதவி உயர்வு பிந்தும் என்றார். சரி என்றேன்.

அத்தை தகர டின் நிறைய முறுக்குச் சுட்டார். மாமா தன் கடையை அரைநாள் பூட்டினார். நாங்கள் எல்லோரும் கண்டி ரயில் நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். நானும் போனேன், இரண்டு மாதப் பிள்ளையைத் துவாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு. ரயில் கிளம்பியதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், புள்ளைய விட்டுட்டுப் போறான்," என்றார்.

பாவம். அதுதான் அவருக்குக் கிடைத்த சொல். பிள்ளையை எங்கே விடப்போகிறாய் என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. பிள்ளை என்னிடம் விடப்பட்டிருந்தது. அதை விடுவது என்றே யாரும் எண்ணவில்லை.

காது குத்துக்கு நாள் குறித்த அன்றிரவு இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. மனம் புண்பட்டுப் போனவராகச் சொன்னார்: "நான் வேணாம்னு சொல்லலையே யாமினி."

இந்த வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு பல வீடுகளில், பல ஆண்களின் வாயில் கேட்டுவிட்டேன். இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் தாங்கள் ஆதரவு தருவதாகவே நம்புகிறார்கள். போ என்று சொல்லமாட்டார்கள். போய்விட்டு வா, அன்றைக்குப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றும் சொல்லமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பார்கள். மிச்சம் அத்தனையும் நம்முடைய முடிவு. நாளைக்கு ஏதாவது பிழையாகிப் போனால் அதுவும் நம்முடையது.

தாய்மாமன் மடி

நாளை மாற்றக் கேட்டுப் பார்த்தேன். காதைப் பிள்ளையின் ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்த வேண்டுமாம். பதினோராம் மாதத்தை விட்டால் அடுத்த ஒற்றைப்படை ஆடியில் போய் விழுகிறது, ஆடியில் எங்கள் வீட்டில் நல்ல காரியம் செய்வதில்லை. அதே மாதத்தில் வேறு நாள்? மாமா பஞ்சாங்கத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்து, "நீயே பாரும்மா," என்றார். நான் பார்த்தேன். எனக்கு அதில் வாசிக்கத் தெரிந்தது கிழமைகள் மட்டும்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி தினேஷ் வந்தான். பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். காது குத்தென்றால் பிள்ளையின் தாய்மாமன்தான் முக்கியமானவர். அவருடைய மடியில் பிள்ளையை இருத்தித்தான் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அத்தையிடம் கேட்டுப்போக வந்திருந்தான்.

அத்தைக்கு அன்று நல்ல உற்சாகம். பட்டுப்பாவாடையும் தோடும் தாய்மாமன் சீர். முகுந்தனின் அக்கா பழத்தட்டைப் பிடிப்பார். முகுந்தன் தேங்காய் உடைப்பார். மாமா ஐயரோடு நின்று அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வார். தினேஷ் பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார வேண்டும்.

"வேட்டி எனக்கு இடுப்புல நிக்காது அத்தை. பெல்ட் போட்டுக்கலாமா?"

"சாமி முன்னால பெல்ட்டா? கயிறு வேணா கட்டிக்க," என்றார் அத்தை சிரித்துக்கொண்டே.

"மாடு மாதிரி. சரி." அவன் பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தான். "அக்கா, உனக்கு என்ன டியூட்டி?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தார். விரல்களை மடக்கி மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப்பார்த்தார். பூ, பழம், சந்தனம், தண்ணீர்ச் செம்பு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

"அவ தாய்," என்றார் கடைசியாக. "பக்கத்துல நிப்பா."

"நிக்கிறதுக்கு மட்டுமா அத்தை?"

அப்படிக் கேட்டது என் குரல்தான் என்பது எனக்கே ஒரு விநாடி கழித்துத்தான் தெரிந்தது.

"புள்ள அழுதா யாரு தூக்குறது? தாய்க்கு அதவிட வேற என்ன வேலை இருக்கு?"

"அழுதா அவங்க அப்பா தூக்கட்டும் அத்தை. நான் மட்டக்களப்புக்குப் போறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. தினேஷ் காலிக் கோப்பையை எடுத்து மறுபடி குடித்தான். மாமா டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அத்தை எழுந்து உள்ளே போனார். பெற்ற தாய் இல்லாமல் காது குத்துவதைப் பார்த்து நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று உள்ளேயிருந்து சுவரிடம் கேட்பது மட்டும் கேட்டது.

அதன்பிறகு அவர் என்னோடு நேரடியாகப் பேசவில்லை. ஆதிரை மூலமாகப் பேசினார். "ஒங்கம்மா சாப்புட்டாளான்னு கேளு." "ஒங்கம்மாகிட்ட மழை வருது, துணிய எடுக்கச் சொல்லு." ஆதிரை இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் நான் சாப்பிட்டேனா என்று அந்த வீட்டில் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கீழ்வீட்டு உதவி

எங்கள் கீழ்வீட்டில் ஃபரீனா தாத்தா இருக்கிறார். மடவளையில் பிறந்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். நாலு பிள்ளைகள் வளர்த்தவர். பாலைப் பிழிந்து சின்னச் சின்னப் போத்தல்களில் ஊற்றிக் குளிரவைப்பது, பிறகு சுடுதண்ணீரில் வைத்து எடுப்பது, கோப்பையில் குடிக்கப் பழக்குவது எல்லாம் அவர்தான் சொல்லித்தந்தார். முகுந்தனையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டினார். அவர் பரீட்சைக்குப் படிக்கிற பையன்போலத் தலையாட்டினார்.

போக இரண்டு நாள் இருக்கும்போது நான் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பட்டினி கிடந்தால் என்ன செய்வது என்றேன்.

"புள்ள ஒண்டும் பட்டினி கிடக்காது," என்றார் அவர். "நீங்கதான் அங்க போய்த் திங்காம ஈப்பீங்க. போங்க, போய்ப் படம் கீறிட்டு வாங்க."

வியாழக்கிழமை காலை வரைபலகையைக் கறுப்பு உறையில் சுற்றிக்கொண்டு கண்டியில் பஸ் ஏறினேன். பஸ் மகியங்கனைக்கு வளைந்து வளைந்து இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும், இப்போது இறங்கினால்கூட இரவுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். சமவெளிக்கு வந்ததும் வெயில் அடித்தது. கண்டியின் ஈரத்தில் ஊறிப்போயிருந்த என் சட்டை, அந்தச் சூட்டில் முதல் தடவையாக முழுதாகக் காய்ந்தது. அன்றிரவு கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்றில் படுத்தேன்.

பானை

பரீட்சை மண்டபத்தில் நடுவில் ஒரு மேசை. அதில் ஒரு மண்பானை, மடித்துப் போட்ட சாரத் துணி, ஒரு சீப்பு வாழைப்பழம். சுற்றி நாங்கள். என் பக்கத்தில் வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, பதின்ம வயது இன்னும் முடியாதவள்.

பானையின் வாயை வரைந்துகொண்டிருந்தபோது மார்பு கனத்தது. வழக்கமாக ஆதிரை குடிக்கிற நேரம். அவள் அந்த நேரம் தம்பியின் மடியில் இருப்பாள், சவரக்கத்தி தலையில் படும், அழுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

நான் பென்சிலை வைத்துவிட்டேன். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். பக்கத்துப் பிள்ளை பார்த்துவிட்டாள். தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள். "மறுகா கழுவலாம் அக்கா," என்று கிசுகிசுத்தாள். "இப்ப கீறுங்க."

கீறினேன். கோபத்தோடு கீறினேன். பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

மேற்பார்வைக்கு நின்ற விரிவுரையாளர் ஒருவர், நரைத்த தாடி, ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்துக்கொண்டே வந்தார். என் பின்னால் வந்து நின்றார். சால்வையைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார்.

"பானை சரியுது," என்றார். போய்விட்டார்.

நான் பார்த்தேன். உண்மைதான். இடது பக்கம் கீழே விழுவதுபோல இருந்தது.

இதை வாசிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில். அத்தனை மாதங்களாக என் படிப்பைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர். என் பிள்ளையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, ஊரைப் பற்றி, பின்னேரச் சமையலைப் பற்றி. நான் கீறியதைப் பார்த்து, அதில் என்ன பிழை என்று சொன்ன முதல் ஆள் இவர். பானையை அழித்து நிமிர்த்தினேன்.

பரீட்சை முடிந்து, கழிவறையில் நின்று பாலைப் பிழிந்து ஊற்றும்போதுதான் கைப்பேசியைப் பார்த்தேன். படங்கள் வந்திருந்தன. தினேஷின் மடியில் ஆதிரை, மொட்டைத் தலையில் சந்தனம், உள்நாக்குத் தெரிய அழுகிறாள். முகுந்தனின் இரண்டு கைகளும் அவளை வாங்க நீண்டிருக்கின்றன. அத்தை எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை. நான் அந்த ஈரத் தரையில் நின்று விம்மி அழுதேன். கொழும்பில் இருந்த மூன்று மாதமும் முகுந்தனும் இப்படி அழுதாரா என்று யோசித்தேன். அழுதிருந்தால் ஏன் சொல்லவில்லை என்று அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். ஆதிரை என்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாய்ந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காதில் சின்னதாக இரத்தம் உறைந்திருந்தது.

"ரெண்டு நாளாப் புள்ள சரியாச் சாப்புடல," என்றார் அத்தை, அலுமாரியைப் பார்த்துக்கொண்டு.

"அவ நல்லாத்தான் சாப்புட்டா அம்மா," என்றார் முகுந்தன். "நீங்கதான் சாப்புடல."

அவர் என் பக்கம் நின்று பேசிய முதல் வாக்கியம் அது. பெரிய வாக்கியம் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பதைவிடப் பெரியது.

முதலாவதாக எது

சில வாரங்களில், மட்டக்களப்புப் பரீட்சையில் நான் தேறியதாக அறிவித்தார்கள். இனி எந்த இடம் முதலாவது, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தோம். தட்டச்சு செய்தது முகுந்தன். ஆதிரை என் மடியில் இருந்தாள்.

"பேராதனைய முதல்ல போடவா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"வேணாம்."

"ஒருக்கா யோசி யாமினி. பேராதனைன்னா நீ தெனமும் வீட்டுக்கு வந்துறலாம்."

"அதான் பயமா இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். தினமும் வந்தால் தினமும் இந்த வீட்டு வேலை முடிந்த பிறகுதான் படிப்பு. விருந்தாள் வந்தால் லீவு, அத்தைக்கு மூட்டுவலி என்றால் லீவு, நல்ல நாள் வந்தால் லீவு. ஒரு வருடத்தில் நானே நின்றுவிடுவேன். யாரும் நிறுத்தினார்கள் என்று சொல்லவும் முடியாது. யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

கடைசி வாக்கியம் எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரியும்.

"புள்ள?" என்றார்.

"என்கூட வருவா."

அதற்கு மேல் என்னிடம் முழுத்திட்டம் இருக்கவில்லை. அங்கே ஓர் அறை எடுப்பது, முதல் சில மாதங்களுக்கு என் அம்மா வந்து இருப்பது, முகுந்தன் சனி ஞாயிறில் வருவது, இடமாற்றத்துக்கு எழுதிப் பார்ப்பது. பாதி நடந்தது, பாதி இன்னும் நடக்கவில்லை. வெயில் தாங்காமல் ஆதிரைக்கு உடம்பெல்லாம் பொரிந்த வாரத்தில், பேராதனையைப் போட்டிருக்கலாமோ என்று நானே நினைத்தேன். இப்போதும் சில நாள் நினைக்கிறேன். அது வேறு. அது என்னுடைய சந்தேகம். அதை எனக்கு இன்னொருவர் பொறுக்கி எடுத்துத் தர வேண்டியதில்லை.

மட்டக்களப்பு என்று முதலாவதாகப் போட்டோம். அனுப்பும் பொத்தானை நான் அழுத்தினேன்.

அண்மையில் விடுமுறைக்குக் கண்டிக்கு வந்திருந்தபோது ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மாமாவோடு தொழில் செய்யும் ஒருவர் எங்கள் பந்தியில் இருந்தார். மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார்.

"நாங்கதான் அவள மட்டக்களப்புக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறோம்," என்றார் மாமா. குரலில் அவ்வளவு பெருமை. "கம்பஸ்ல சித்திரம். கைப்புள்ளையோட."

அந்த மனிதர் வியந்துபோனார். இந்தக் காலத்தில் எந்த வீட்டில் அனுப்புவார்கள், பெரிய மனசு உங்களுக்கு என்றார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் ஆமோதித்தார்கள். முகுந்தன் இலையைப் பார்த்தார்.

"யாரும் அனுப்பல மாமா," என்றேன். "நானாத்தான் போனேன்."

மாமா நல்ல பகிடி கேட்டதுபோலச் சிரித்தார். அந்த மனிதரும் சிரித்தார். யாரோ பாயசம் கொண்டுவந்தார்கள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆதிரைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அந்த மனிதரை நேராகப் பார்த்தார். "ஆமா, அவளாத்தான் போனா," என்றார். "நாங்க வேணாம்னுதான் சொன்னோம். கேக்கல."

குற்றச்சாட்டாகத்தான் சொன்னார். இன்னும் ஆறாத கோபம் அது. ஆனால் அந்தப் பந்தியில் என்னைப் பற்றி உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். நான் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கி, அவருடைய இலையிலும் ஊற்றச் சொன்னேன்.